பாரத் பில்டிங் மாடல்: கூர்வளைவு நின்றுவிட்டது

ஒருவழியாக மாடலின் முதல் கூர்வளைவு, அதாவது உச்சி கூராக முடிகிற செங்கல் வளைவு, நின்றுவிட்டது. சென்ட்ரிங்கை, அதாவது கட்டி முடிகிற வரைக்கும் வளைவைத் தாங்குகிற சட்டத்தை, உருவிய பிறகு உச்சியில் அரைக் கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், அசையவே இல்லை. இதற்கு முன் கட்டியவை எல்லாம் சட்டத்தை எடுத்த கையோடு உதிர்ந்தவை. அதனால் இன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

அளவு 1:24, நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு. சென்னை அண்ணா சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் இருக்கிற பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் முகப்பில் ஒரு துண்டு மட்டும்தான் செய்கிறேன். 1897-இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரக் கம்பெனிக்காக ஜே. எச். ஸ்டீபன் வடிவமைத்தது, அப்போது அதன் பெயர் கார்டில் பில்டிங். ஒரு மருந்துக் கடைக்கு இத்தனை கோபுரமும் வளைவுமா என்று பார்க்கிற யாருக்கும் தோன்றும். 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது, பிறகு எல்.ஐ.சி. வசம் போனது. 2006-இல் இடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள், பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த்தான் நிறுத்தியது. அப்படித் தப்பித்த கட்டடத்தை அட்டையில் வெட்டிச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. செங்கல் என்றால் செங்கல்தான், சுட்ட மண்தான்.

மண் இங்கே மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கிடைத்தது. கொலு பொம்மை செய்கிற இடம் என்பதால் அரைத்துச் சலித்த மண்ணாகவே தருகிறார்கள், அவர்கள் சூளையிலேயே ஓரமாகச் சுட்டும் கொடுத்தார்கள். 9 அங்குலச் செங்கல் இந்த அளவில் 9.5 மி.மீ. காய்ந்து வெந்து வரும்போது மண் சுருங்கும் என்பதால் அச்சை 10.4 மி.மீ. வைத்தேன். அச்சுக்குப் பித்தளைப் பட்டை வெங்கலக்கடைத் தெருவில் வாங்கி அரம் போட்டது. சுவர் கட்டுகிற வரைக்கும் எல்லாம் சுகம்.

வளைவில்தான் உயிர் போனது. திறப்பு 6 அடி என்று வைத்துக்கொண்டால் மாடலில் 76 மி.மீ., இரண்டு பக்கத்துக்கும் அதே ஆரம். ஒரு பக்கத்துக்கு இருபது செங்கல் போல வரும், ஒவ்வொன்றையும் ஆப்பு வடிவத்தில் தேய்க்க வேண்டும், உள்முனைக்கும் வெளிமுனைக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அதைத் தேய்க்காமல் கலவையிலேயே சரிக்கட்டிவிடலாம் என்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இந்த அளவில் சந்து அகலமானால் கண்ணுக்கு உடனே தெரியும். சாய்வாக வெட்டிய தேக்குக் கட்டையில் செங்கலைப் பதித்து உப்புத்தாளில் நாலு இழுப்பு, அவ்வளவுதான். ஐந்தாவது இழுத்தால் மூலை உடைகிறது.

அப்படியும் விழுந்தது. காரணம் செங்கல் இல்லை, பாரம். அரைவட்ட வளைவு மாதிரி இல்லை இது. தோள்பட்டையில், அதாவது உச்சிக்கு இரண்டு பக்கமும் சரிகிற இடத்தில், மட்டும் செங்கல் ஏறினால் கூர்வளைவின் உச்சி மேலே எழும்பப் பார்க்கும், நடு மூட்டு வாயைப் பிளக்கும். உச்சியில் எடை உட்கார்ந்திருக்க வேண்டும். நிஜக் கட்டடத்தில் மேல்மாடிச் சுவர் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இந்தத் தடவை உச்சியில் சின்ன ஈயக்கட்டி வைத்துவிட்டுத்தான் இரண்டு தோளையும் மாறி மாறி ஏற்றினேன். சென்ட்ரிங்கின் அடியில் எதிரெதிராக இரண்டு ஆப்பு கொடுத்திருந்தேன். அவற்றைத் துளித்துளியாகத் தளர்த்த, வளைவு மயிரிழை இறங்கித் தானாக இறுகிக்கொண்டது. அந்த இறுக்கத்தைக் கைவிரலில் உணரலாம். அதற்காகவே இன்னும் பத்து வளைவு கட்டலாம்.

கலவைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர். கடுக்காய்க்குக் கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைகள் இருக்கவே இருக்கின்றன. சுண்ணாம்புதான் படுத்துகிறது. ஒரு கடையில் கொடுத்த மூட்டை முழுக்கக் காற்றுப்பட்டுச் செத்துப்போனது, தண்ணீர் ஊற்றினால் ஒரு கொதிப்புக்கூட இல்லை. வாங்கும்போதே ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு ஈரத்துணி போட்டு வையுங்கள், சுண்ணாம்பு அவசரமாகக் காய்ந்தால் விரிசல் விடும்.

தூணுக்கு இன்னும் பூச்சு வேலை பாக்கி. அதற்குள் மனசு அடுத்ததற்குப் போய்விட்டது: அதே அண்ணா சாலையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை. அதை வடிவமைத்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஸ்ஹோம்தான், நேப்பியர் பிரபு சென்னை கவர்னராக இருந்த காலத்தில் நம் திருமலை நாயக்கர் மகாலைப் புதுப்பித்தவர். மகாலில் செங்கல்லும் சுண்ணாம்பும் பார்த்த கை கடைக்கட்டடத்தில் என்ன செய்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. மகாலுக்குப் போனால் வளைவுகளுக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், அலை அலையான அந்த விளிம்பு வளைவுகளை இந்த அச்சில் எடுக்க முடியாது, வேறு அச்சு வேண்டும். பாரத் பில்டிங்கின் பக்கவாட்டுச் சுவர் தெரிகிற பழைய படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், இரண்டாவது வளைவுக்குச் செங்கல் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன்.