கரிசல், உருட்டுப் பாறை, ஊற்றுத் தண்ணீர்: கோவை கிழக்கில் மண் பரிசோதனை

சூலூர், பல்லடம் பக்கம் ஒரே தோட்டத்தில் ஒரு ஓரம் செம்மண்ணும் மறு ஓரம் கரிசலும் கிடப்பதுண்டு. அதனால் கட்டட அஸ்திவாரத்துக்கு முன் மண்ணைப் பரிசோதிக்க, ஏறக்குறைய ஒரு ஏக்கர் மனைக்கு நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து துளை கேட்டு வாங்குகிறோம். ஐ.எஸ். 1892 என்ற இந்தியத் தர விதி சொல்வதும் அதுதான். துளை போடும் மெஷின் வருவதற்கு முன் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்களை விசாரிப்பது உண்டு. "இங்க ஒரு கிணறு இருந்துச்சுங்க, மூடிட்டோம்" என்ற தகவல் எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

துளையில் 1.5 மீட்டருக்கு ஒரு முறை எஸ்.பி.டி., அதாவது சுத்தியலால் குழாயை அடித்து இறக்கி மண்ணின் கெட்டித்தன்மையைப் பார்க்கும் சோதனை. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். முதல் 15 செ.மீ.க்கான அடிகளை விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கு விழுந்த அடிகளின் எண்ணிக்கையே 'N' மதிப்பு. கயிற்றை உருளையில் கூடுதலாகச் சுற்றினால் சுத்தியல் இழுபட்டு விழும். அடி கூடும், இளகிய மண்ணும் கெட்டி மண்ணாகக் கணக்கில் ஏறும். ஆள் பக்கத்தில் நின்று எண்ணினால்தான் இது தெரியும்.

சுத்தியல் 50 முறை அடித்தும் குழாய் இறங்கவில்லை என்றதும் "பாறை வந்துருச்சு" என்று மெஷினைக் கழற்றப் பார்ப்பார்கள். விடக்கூடாது. இந்தப் பக்கத்து நைஸ் (gneiss) வகைப் பாறை மக்கும்போது நடுநடுவே உருட்டுக் கல்லை விட்டுவைக்கும். டைமண்ட் பிட் (வைரம் பதித்த வெட்டு முனை) போட்டுக் குறைந்தது 3 மீட்டர் கோர், அதாவது உருளையாக வெட்டியெடுத்த பாறை மாதிரி, எடுக்கச் சொல்லுங்கள். இரண்டடி நல்ல கோர் வந்தபின் பிட் திடீரென்று இறங்கி, கழுவு தண்ணீர் மண் நிறத்தில் வந்தால் அது உருட்டுக் கல்தான். அதன்மேல் புட்டிங் (அஸ்திவாரத்தின் அடிப்பாதம்) வைக்க முடியாது.

கரிசலுக்கு, தண்ணீர் பட்டால் எவ்வளவு ஊதுகிறது என்று பார்க்கும் உப்பும் தன்மைச் சோதனை கட்டாயம். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு நாள் கழித்து மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 16 மி.லி. என்றால் மண் 60 சதவீதம் ஊதியிருக்கிறது. 50-ஐத் தாண்டினாலே சாதாரண புட்டிங்கை மறுபடி யோசிக்க வேண்டும். தோண்டிய கரிசலையே பேஸ்மென்ட்டுக்குள் கொட்டி நிரப்புவது அதைவிட மோசம்.

தண்ணீர் மட்டத்தில்தான் ரிப்போர்ட்டுகள் அதிகம் தவறுகின்றன. துளை போட்ட அன்றே அளந்தால் கிடைப்பது அவர்கள் ஊற்றிய தண்ணீரின் மட்டம். இறைத்துவிட்டு, 24 மணி நேரம் கழித்து டேப் விட வேண்டும். 'போர்வெல்லில் 800 அடிக்குக் கீழேதான் தண்ணீர்' என்பதும் இங்கே உதவாது. அது ஆழத்துப் பாறை வெடிப்பில் வரும் தண்ணீர். அஸ்திவாரத்தைத் தொந்தரவு செய்வது ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை மேல் தேங்கும் ஊற்று. கீழ்பவானி வாய்க்கால் ஓரமென்றால் தண்ணீர் திறந்தபின் கசிவிலும் மட்டம் ஏறும். கோடையில் சோதனை செய்தால் பக்கவாட்டில் ஓட்டை போட்ட பிவிசி குழாயைத் துளைக்குள்ளேயே நிறுத்தி, மூடி போட்டு, மழைக்குப் பின் மறுபடி அளக்கிறோம்.

திருப்பூரில் நொய்யல் ஓரத்து மனைகளுக்குத் தண்ணீர் மாதிரியையும் லேபுக்கு அனுப்புங்கள். சல்பேட் லிட்டருக்கு 300 மி.கி.க்கு மேல் போனால் சிமெண்ட் வகையும் கலவையும் மாறும். துளையை இறைத்துவிட்டு ஊறி வரும் தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடிக்க வேண்டும்.