தரவுத்தளச் சேர்வருக்கு டிஸ்க்: ஐஓபிஎஸ்ஸை விட்டு எஃப்சிங்க்கைப் பாருங்கள்

எஸ்எஸ்டி (ஃபிளாஷ் சிப்பில் எழுதும் டிஸ்க்) விளம்பரங்களில் "10 இலட்சம் ஐஓபிஎஸ்", அதாவது செக்கனுக்கு அத்தனை தடவை வாசிக்கும் அல்லது எழுதும், என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். தரவுத்தளத்துக்கு அதனால் பெரிய பலன் இல்லை. ஒவ்வொரு கமிட்டிலும் (ஒரு மாற்றத்தை உறுதிசெய்யும்போது) அது டிஸ்க்கிடம் கேட்பது ஒன்றுதான்: நிரந்தரமாக எழுதியாயிற்றா? இந்தக் கேள்விதான் எஃப்சிங்க். பதில் எவ்வளவு விரைவாக வருகிறது, அது உண்மையா என்பதைப் பார்த்துத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

சாதாரண எஸ்எஸ்டி அந்தப் பதிலைச் சொல்லுமுன் ஃபிளாஷில் எழுதி முடிக்க வேண்டும். சேர்வர் ரகத்தில் மின்தேக்கிகள் இருக்கும். கரண்ட் நின்றாலும் உள் ரேமில் உள்ளதை ஃபிளாஷில் இறக்க அவற்றின் மின்னூட்டம் போதும் என்பதால், தரவு ரேமுக்கு வந்தவுடனேயே நேர்மையாகப் பதில் சொல்லிவிடலாம். விவரத்தாளில் 'பவர் லொஸ் புரொடெக்ஷன்' இருக்கிறதா பாருங்கள். ஏற்கனவே எழுதிய தரவை மட்டும் காக்கும் அரைகுறை வகையும் விற்பனையில் உண்டு, அது போதாது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு வரும் 'பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்' கருவியை ஓட்டிப் பாருங்கள், செக்கனுக்கு எத்தனை எஃப்சிங்க் முடிகிறது என்று அது காட்டும். 7200 சுற்று ஹார்ட்டிஸ்க் செக்கனுக்கு 120 தடவைதான் சுற்றும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதும் இந்தச் சோதனையில் அதற்கு மேல் போக முடியாது. பட்டரி இல்லாத கேஷை (தற்காலிக நினைவகத்தை) வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் காட்டினால், அது பொய். மின்வெட்டு வரும் நாளில் தெரியும்.

ஐந்து நிமிட வேகச் சோதனையையும் நம்ப வேண்டாம். டிரைவை ஒரு முறை முழுக்க எழுதி நிரப்பிவிட்டு, 8 கிலோபைட் சிதறல் எழுத்தை (டிஸ்க்கில் ஆங்காங்கே எழுதுவதை) ஒரு மணி நேரம் ஓட்டினால்தான் உண்மை வேகம் தெரியும்.

பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு போகாமல் காக்கும் முறைதான் ரெய்ட். அதில் ரெய்ட் 5 வேண்டாம். சிறிய எழுத்து ஒன்றுக்கு இரண்டு வாசிப்பு, இரண்டு எழுத்து ஆகும். எல்லாவற்றையும் இரண்டு டிரைவில் பிரதியாக எழுதும் ரெய்ட் 10இல் இரண்டு எழுத்தோடு முடியும். 3.84 டெராபைட் டிரைவ் நான்கு போட்டால் 7.68 கிடைக்கும். நாளுக்கு 1.2 டெராபைட் எழுதும் சேர்வரில் ஒவ்வொரு டிரைவுக்கும் 0.6தான் விழும், அதாவது கொள்ளளவில் 0.16 மடங்கு. நாளுக்கு ஒரு முழு எழுத்து தாங்கும் மலிவான வகையே தாராளம். மூன்று மடங்கு தாங்கும் வகைக்குக் காசைக் கொட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இனி, நம் திருகோணமலையில் சேர்வர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ஏசி பழுதானால் யன்னலைத் திறந்து மின்விசிறியைப் போடுவது நம்மூர் வழக்கம். சேர்வர் அறையில் அது கூடவே கூடாது, அதிலும் வாடைக்காற்று மழைக்காலத்தில். மைக்ரோசொஃப்டும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வெளிக்காற்றால் குளிரூட்டும் தரவு மையங்களில் டிஸ்க் பழுதுக்கு வெப்பத்தைவிட ஈரப்பதமே பெரிய காரணமாகத் தெரிந்தது. அடிவாங்கியது பெரும்பாலும் டிஸ்க்கை இயக்கும் கொன்ட்ரோலரும் இணைப்புகளும். இங்கே அதோடு கடலுப்பும் சேர்கிறது. ஏசி நின்றால் சேர்வரை முறைப்படி நிறுத்துங்கள், யன்னலைத் தொடாதீர்கள்.

ரெய்ட் கார்டில் பட்டரி இருந்தால் அதையும் கவனியுங்கள். அது பலவீனமானதும் கார்டு எழுத்துக் கேஷை அணைத்துவிடும், சேர்வர் திடீரென ஊர்ந்து போகும், குற்றம் டிஸ்க்கின் தலையில் விழும்.

மாற்று டிரைவ் ஒன்று இங்கேயே இருக்கட்டும். கொழும்பிலிருந்து வரும்வரை ரெய்ட் ஒற்றைக்காலில் நிற்கக் கூடாது. நான்கையும் ஒரே தொகுதியில் வாங்கினால் ஃபர்ம்வெயரை (டிரைவின் உள் மென்பொருளை) தவறாமல் புதுப்பியுங்கள். 2019இல் சேர்வர் விற்கும் எச்பிஈ நிறுவனமே ஓர் எச்சரிக்கை விட்டது: அவர்களின் சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது மூன்றே முக்கால் வருடத்தில், செத்துவிடும், தரவும் மீளாது. ஒரே நாளில் ஓடத் தொடங்கிய டிரைவ்கள் ஒரே நாளில்தான் போகும், அப்போது ரெய்ட் 10 இருந்தும் பயனில்லை. அலமாரியில் கிடக்கும் மாற்று டிரைவுக்கும் அதே புதுப்பிப்பை ஏற்றி வையுங்கள்.