எள்ளு எக்லேரும் அக்காவின் தீர்ப்பும்

பாரிஸில் இப்போது மாட்சா (ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி) போடாத பேஸ்ட்ரி கடையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். குரோசாங், குக்கி, ஐஸ்கிரீம் என்று எதைத் தொட்டாலும் பச்சை. பாதி இடங்களில் அது வெறும் கலருக்குத்தான். வாயில் வைத்தால் சர்க்கரை தெரியும், தேயிலை தெரியாது. அதனால்தான், புதுச்சேரியிலிருந்து வந்திருந்த அக்கா "அந்த ஜப்பான்காரர் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியேடா" என்று கேட்டதும், வேறு எங்கும் போகாமல் நேராக வோஜிரார் தெருவுக்கு அழைத்துப் போனேன்.

சதஹாரு அவோக்கியின் கடை அங்கே 35ஆம் எண்ணில் இருக்கிறது. லக்சம்பூர்க் பூங்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். அவோக்கி டோக்கியோவில் பிறந்தவர். பாரிஸுக்கு வந்து தொழில் பழகி, 2001இல் இந்தக் கடையைத் திறந்தார். விலை சுருக்கென்றுதான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் 'பாம்பூ' வாங்கினோம். இதைப் புரிந்துகொள்ள ஓபரா கேக்கைத் தெரிந்திருக்க வேண்டும். 1950களில் பாரிஸின் தலுவாயோ கடை பிரபலமாக்கிய கேக் அது. மெல்லிய பாதாம் கேக்கைக் காப்பிப் பாகில் நனைத்து, காப்பி பட்டர்கிரீமையும், சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷையும் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். அவ்வளவு வெண்ணெயும் சர்க்கரையும் திகட்டாமல் இருப்பதற்குக் காரணம் காப்பியின் கசப்பு. அவோக்கி அடுக்குகளில் கை வைக்கவே இல்லை. காப்பியை எடுத்துவிட்டு மாட்சாவை வைத்தார், அவ்வளவுதான். கசப்பு செய்த வேலையைக் கசப்பே செய்கிறது, ஆனால் வாசனை வேறு. ஜப்பானியச் சுவை பிரெஞ்சு இனிப்பில் ஒட்டுமா என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

மாட்சாவுக்கான தேயிலைச் செடிகளைப் பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே வெயில் படாமல் மூடி வைப்பார்கள். இலை கரும்பச்சையாகும், துவர்ப்பு அடங்கும். பிறகு காம்பும் நரம்பும் நீக்கிக் கல் எந்திரத்தில் மாவாக அரைப்பார்கள். அந்தப் பச்சைக்கும் மணத்துக்கும் சூடு ஆகாது. அடுப்பில் வெந்த கேக்கைவிட, வேகாத கிரீமில்தான் மாட்சா நன்றாகப் பேசும். மற்ற கடைகளின் மாட்சா குரோசாங் ஏன் பெரும்பாலும் சப்பென்று இருக்கிறது என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

அக்கா மாட்சாவுக்கு மசியவில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா கஷாய வாசனை வருதுடா" என்று தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். சரி என்று கறுப்பு எள் எக்லேரை, அதாவது உள்ளே எள் கிரீம் அடைத்த நீளமான பேஸ்ட்ரியை, எடுத்து வைத்தேன். மேலே சாம்பல் நிறப் பூச்சு, பார்க்க அழகென்று சொல்ல முடியாது. ஒரு கடி கடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நல்ல பக்குவத்துல வறுத்திருக்காங்க."

எள் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. வீட்டில் எள்ளுருண்டை பிடிப்பவள் அவள்தான். எள் படபடவென்று பொரியத் தொடங்கியதும் வாணலியை இறக்கிவிடுவாள், கொஞ்சம் தாமதித்தால் மொத்தமும் கசந்துவிடும் என்பாள். இந்த கிரீமில் அந்த வறுத்த வாசனை அப்படியே இருந்தது. எண்ணெய்ப் பசை நாக்கில் நின்றது. வெல்லத்தின் கனம் மட்டும் இல்லை. நைசாக அரைத்திருந்ததால் பல்லில் ஒரு மணிகூடச் சிக்கவில்லை. அக்காவுக்கு அதுதான் குறை. "கொஞ்சம் நறநறன்னு விட்டிருக்கலாம்."

யூசு என்ற ஜப்பானிய எலுமிச்சை வகைப் பழம் போட்ட மக்கரோன் (நடுவில் கிரீம் வைத்த பாதாம் பிஸ்கட்) புளிப்பு, நல்ல புளிப்பு. வறுத்த தேயிலையான ஹோஜிச்சா போட்டதும் ஒன்று சாப்பிட்டோம், மணம் மென்மை, சீக்கிரம் மறந்துவிடும்.

பிரெஞ்சு இனிப்பில் ஜப்பானியச் சுவை சேர்வதை யாரோ திடீரென்று செய்த கலவை என்று நினைக்க வேண்டாம். பாரிஸில் தொழில் கற்றுத் திரும்பிய ஒரு ஜப்பானியர் 1924இல் டோக்கியோவில் தொடங்கிய கொலம்பான் கடை இன்னும் நடக்கிறது. ஒசாகாவின் ட்சுஜி சமையல் பள்ளி, தன் மாணவர்களுக்காக 1979இல் லியோனுக்கு அருகே ஒரு மாளிகையிலேயே பயிற்சிக்கூடம் திறந்தது. பிரெஞ்சுக்காரர்களின் இலக்கணத்தை முதலில் ஒழுங்காகப் படித்துவிட்டு அப்புறம் தங்கள் சரக்கை உள்ளே கொண்டு வந்தவர்கள் இவர்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று: எக்லேரை வாங்கி மறுநாளைக்கு என்று வைக்காதீர்கள், ஓடு நமுத்துப்போகும். மக்கரோன் பரவாயில்லை, சில நாள் தாங்கும். அக்கா ஊருக்கு எடுத்துப் போனதும் அதைத்தான், ஒரு பெட்டி முழுக்க எள்ளு. மாட்சா ஒன்றாவது வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "அதை நீயே சாப்பிடு" என்றாள்.