ஒவ்வோர் ஊரிலும் அதே மேடை

நடிக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் வீட்டில் எளிதாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். நான் சொன்னதோ செட், விளக்கு, படுதா எல்லாவற்றையும் மேடைக்குப் பின்னாலிருந்து கவனிக்கும் மேடைப் பணியாளர் வேலை, மேடையில் ஒரு நொடிகூடத் தோன்றாத வேலை. அதற்காக வீட்டை விட்டு, ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவோடு மாதக்கணக்கில் போக வேண்டும். "உன்னை யாருமே பார்க்கப் போவதில்லை என்றால், அந்த வேலையை இங்கேயே இருந்து செய்யக் கூடாதா?" என்று அம்மா கேட்டார். ஓர் அரங்கில் நிலையாக இருந்து வேலை செய்வதும் பயணக் குழுவில் வேலை செய்வதும் பெயரளவில்தான் ஒன்று என்பதை அன்று என்னால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. இத்துறைக்கு வர நினைக்கும் இளையவர்களும் இதையே கேட்பதால், இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நிலையான அரங்கில் நாடகங்கள் வந்து போகும், கட்டடம் அப்படியே இருக்கும். பயணக் குழுவுக்கோ கட்டடம் மாறிக்கொண்டே இருக்கும், நாடகம் மட்டும் இம்மியும் மாறக் கூடாது. ஒரு மேடை ஆழமாக இருக்கும், அடுத்தது குறுகலாக இருக்கும். சில பழைய அரங்குகளில் மேடைத்தளமே பார்வையாளர்களை நோக்கிச் சற்றுச் சரிந்திருப்பதால், சக்கரம் வைத்த பொருள் எதையும் பூட்டாமல் விட முடியாது. ஓரிடத்தில் படுதாக்களை மேலே தூக்கி மறைக்கும் அளவுக்குக் கூரை உயர்ந்திருக்கும். இன்னோரிடத்தில் அந்த உயரம் இல்லாததால், மேலிருந்து இறங்க வேண்டிய படுதாவைப் பக்கவாட்டில் இழுக்க வழி செய்தாக வேண்டும். இத்தனைக்கும் நடுவே, விளக்கணைந்த நேரத்தில் நடிகர் கை நீட்டினால் நாற்காலி நேற்றிருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே முதலில் மேடையின் நடுக்கோட்டைக் குறிக்கிறோம். அதிலிருந்து அளந்து, ஒவ்வொரு பொருளின் காலும் நிற்க வேண்டிய இடத்தில் காட்சிக்கு ஒரு நிறமாகச் சிறு டேப் துண்டுகளை ஒட்டுகிறோம். இருட்டில் ஏறி இறங்கும் படிகளின் விளிம்பில் தானாக ஒளிரும் டேப்பை ஒட்டுகிறோம். பார்வையாளர் கண்ணில் படாத அந்தத் துண்டுகளை நம்பித்தான் ஒரு நடிகர் இருட்டில் ஓடுகிறார்.

லாரியிலிருந்து சாமான் இறங்கியதும் வேலை தொடங்கும் வரிசைக்கும் காரணம் உண்டு. மேலே தொங்க வேண்டியவை எல்லாம் முதலில். விளக்குகளைத் தாங்கும் கம்பிகளைத் தரைமட்டத்துக்கு இறக்கி, விளக்குகளைப் பூட்டி, மேலே அனுப்பிய பிறகுதான் செட்டின் சுவர்கள் எழும். செட் நின்றுவிட்டால் அந்தக் கம்பிகளை மீண்டும் கீழே கொண்டுவர இடமிருக்காது. படுதாக்களைத் தூக்கும் கயிற்று அமைப்பை இயக்கக் கற்றபோதுதான் இந்த வேலையின் மீது எனக்கு உண்மையான மரியாதை பிறந்தது. கம்பியின் எடைக்கு ஈடாக, கயிற்றின் மறுமுனையில் இரும்புக் கட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். சுமையை ஏற்றும்போது, கம்பி கீழே இருக்கையில் முதலில் அதில் பொருளைக் கட்டிய பிறகே மேல்தளத்தில் கட்டிகளைச் சேர்க்க வேண்டும். கழற்றும்போது முதலில் கட்டிகளை எடுத்த பிறகே பொருளை அவிழ்க்க வேண்டும். இந்த வரிசை பிறழ்ந்தால், கட்டிகளின் எடை கீழ்நோக்கி இழுக்க, வெறும் கம்பி தடுக்க முடியாத வேகத்தில் மேலே பாயும். அன்று காலைதான் அறிமுகமான உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் மேலே நிற்பார், நான் கீழே நிற்பேன். அவர் "எடுத்துவிட்டேன்" என்று குரல் கொடுக்கும்வரை முடிச்சில் கை வைக்க மாட்டேன். பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரின் சொல்லை அவ்வளவு முழுமையாக நம்பும் வேலை வேறெத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

புதிய அரங்குக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்வது வெளியேறும் வழிகள் அனைத்தையும் நடந்து பார்ப்பதுதான். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வாய் அரங்கில், மேடை விளக்கு ஒன்றிலிருந்து அருகில் தொங்கிய துணியில் தீப்பற்றியது. தீயைத் தடுக்க இறங்க வேண்டிய பாதுகாப்புத் திரை பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகளில் பல பூட்டியிருந்தன அல்லது திறக்கும் விதம் மக்களுக்குப் பிடிபடவில்லை. 600 பேருக்கு மேல் இறந்தனர். திறந்து சில வாரங்களே ஆகியிருந்த புத்தம்புதிய கட்டடம் அது. பழக்கமில்லாத கட்டடத்தில் புகைக்கு நடுவே வழி தேடுவது எப்படியிருக்கும் என்பதை, பழக்கமில்லாத கட்டடங்களிலேயே காலம் கழிக்கும் எங்களைவிட யார் எண்ணிப் பார்க்க வேண்டும்?

காட்சி தொடங்கிவிட்டால் எல்லாம் மேடை மேலாளரின் குரலில் நடக்கும். ஒவ்வோர் ஒளி மாற்றமும், ஒலியும், படுதாவின் அசைவும் எண்ணிடப்பட்டு, வசனப் பிரதியின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும். ஹெட்செட்டில் "தயார்" என்று அவர் எண்ணைச் சொன்னதும் உரியவர் பதில் தர வேண்டும். பேச முடியாத இடத்தில் நிற்பவருக்குச் சிறு சிவப்பு விளக்கு எரிந்தால் தயாராக வேண்டும், பச்சை எரிந்தால் செய்து முடிக்க வேண்டும். அந்தப் பிரதி எழுதப்படும் முறைக்குப் பின்னால் ஒரு கண்டிப்பான எண்ணம் இருக்கிறது: மேலாளர் இன்று மாலை காய்ச்சலில் படுத்துவிட்டால், வேறொருவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு அதே நாடகத்தை நடத்த வேண்டும். எங்கள் எல்லோருக்கும் இதே விதிதான். எந்த நிமிடத்தில் எந்தப் பக்கத்தில் நிற்கிறேன், எந்தப் பொருளை யார் கையில் கொடுக்கிறேன், விரைவாக மாற்றுவதற்காகப் பொத்தானுக்குப் பதில் அழுத்துக் கொக்கி வைத்த அங்கியை நடிகருக்கு எந்தத் தோளிலிருந்து மாட்டுகிறேன் என்பதெல்லாம் தாளில் இருக்கும். என் இடத்தில் இன்னொருவர் நின்றாலும் யாருக்கும் வேறுபாடு தெரியக் கூடாது. அப்படிச் செய்து வைப்பதே நான் ஒழுங்காக வேலை செய்தேன் என்பதற்கு அடையாளம்.

வீட்டில் இந்த விதி செல்லாது என்பதுதான் வெளியூர் வாழ்க்கையின் உண்மையான வலி. உறவில் ஒரு திருமணம் என்றால், எனக்குப் பதிலாக நிற்பவர் முன்னதாகவே என் பின்னால் நிழல்போல நடந்து, சில காட்சிகளையாவது பார்த்துப் பழக வேண்டும். அதை ஏற்பாடு செய்யலாம், பலமுறை செய்திருக்கிறோம். ஆனால் அப்பா திடீரென்று நோயில் விழுந்த இரவில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய என் இடத்தில் நிற்க யாரையும் பழக்கி வைக்க முடியாது. மற்றவர்கள் வேலை முடித்து வீடு திரும்பி ஒன்றாக உட்காரும் மாலை நேரம்தான் எங்களுக்கு வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். எங்கள் விடுமுறை நாளில் அவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். ஆகவே தொலைபேசியில் பேசும் நேரத்தை இரு தரப்பும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று புதியவர்களிடம் வற்புறுத்துகிறேன். நேரம் கிடைக்கும்போது பேசலாம் என்று விட்டால், அந்த நேரம் கிடைப்பதே இல்லை.

ஓர் ஊரில் கடைசிக் காட்சி முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் பிரிக்கும் வேலை தொடங்கிவிடும். அடுத்த ஊரில் முதலில் தேவைப்படுவது லாரியில் கடைசியாக ஏற வேண்டும் என்பதால், களைத்த இரவிலும் தலைகீழாக யோசிக்க வேண்டியிருக்கும். விடிய விடியப் பிரித்து ஏற்றிவிட்டு, பயணம் செய்து, இறங்கியதும் கட்டத் தொடங்கு என்று சொன்ன நிர்வாகமும் உண்டு. அதை வீரமாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று உறுதியாக எண்ணுகிறேன். உறக்கமில்லாமல் ஏணியில் நிற்பவர் தன் உயிரோடு கீழே நிற்பவர் உயிரையும் பணயம் வைக்கிறார். எனவே கிளம்புமுன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது சம்பளத் தொகை மட்டுமல்ல. ஓர் ஊரில் பிரித்து முடிப்பதற்கும் அடுத்த ஊரில் கட்டத் தொடங்குவதற்கும் இடையே எத்தனை மணி நேர ஓய்வு என்று எழுதியிருக்கிறதா? தங்குமிடமும் தினப்படியும் யார் பொறுப்பு? நோயுற்றால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள், வீட்டில் அவசரம் என்றால் திரும்பிச் செல்லும் பயணச் செலவை யார் தருவார்கள்? இவற்றுக்கு வாய்மொழியாகக் கிடைக்கும் பதில் போதாது. எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.