தாங்கா, 1914: பாளையங்கோட்டைப் படை கரையேறிய நாட்கள்

அக்டோபர் 30

முதல் உலகப் போர் என்றதும் நமக்கு நினைவு வருவது, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். ஆறே வாரம் கழித்து மதராஸ் சிப்பாய்கள் ஜெர்மானியர் வசமிருந்த தாங்காவில் இறங்கினார்கள். இன்றைய தான்சானியாவின் துறைமுகம் அது. இறங்கிய பட்டாலியன்களில் ஒன்றின் பெயர் 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. பாளையங்கோட்டைக்காரனான எனக்கு அந்தப் பெயரைப் பார்த்த பிறகு அப்படியே விட்டுவிட மனமில்லை.

நவம்பர் 2

அந்த ஆண்டு இதே நாள் காலை, ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் தாங்காவுக்கு வந்தது. கடற்படை முன்பு செய்திருந்த சமாதான ஏற்பாடு இனிச் செல்லாது என்று ஜெர்மன் அதிகாரியிடம் சொல்லி, சரணடைய அவகாசமும் கொடுத்தார் அதன் கேப்டன் காஃபீல்ட். பிறகு கண்ணிவெடி தேடுவதில் பொழுது போனது. ஊரில் அப்போது காவலுக்கு இருந்த படை மிகச் சிறியது. ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் உள்நாட்டில் இருந்த மோஷி பக்கமிருந்து ரயிலில் ஆட்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்.

பம்பாயிலிருந்து அக்டோபர் 16 அன்று கிளம்பிய சிப்பாய்களோ நெரிசலான கப்பல்களில் வாந்தியும் தலைசுற்றலுமாகக் கிடந்தார்கள். கரையில் இறக்கி அவர்களைத் தேற்ற, படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஐட்கென் இடம் கொடுக்கவில்லை. அந்த மண்ணை அறிந்த, பிரிட்டிஷாரின் ஆப்பிரிக்கப் படையான கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் துணைக்கு வர முன்வந்ததையும் மறுத்துவிட்டார்.

நவம்பர் 3

முதல் தாக்குதல் 13வது ராஜபுத்திரர்களும் 61வது பயனியர்ஸும். பயனியர்ஸும் மதராஸ் ராணுவத்து வழிவந்தவர்களே. சாலை போடவும் பள்ளம் வெட்டவும் பழக்கப்பட்ட படை. இரவோடு இரவாகக் கரையேறியவர்களை விடிந்ததும் சண்டைக்கு அனுப்பினார்கள். அடிபட்டுத் திரும்பினார்கள்.

நவம்பர் 4

விடிவதற்கு முன் லெட்டோ-ஃபோர்பெக் ஆளில்லாத ஊருக்குள் சைக்கிளில் போய், துறைமுகம் வரை தன் கண்ணால் பார்த்துவந்தார். எதிர்ப்பக்கம் ஐட்கென் உளவு பார்க்க யாரையும் சரியாக அனுப்பவில்லை. இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

நண்பகல் வெயிலில் ரப்பர், சிசல் கற்றாழைத் தோட்டங்களுக்கு நடுவே சுமார் 8,000 பேர் கொண்ட படை நகர்ந்தது. எதிரில் ஏறக்குறைய 1,000 பேர். பெரும்பாலும் அஸ்காரிகள், அதாவது ஜெர்மானியர் படையில் இருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். இயந்திரத் துப்பாக்கிகள் வெடித்ததும் பாளையங்கோட்டைப் படை சிதறியது. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த இடைவெளியால் பக்கத்தில் இருந்த 101வது கிரெனேடியர்ஸ் தனித்து மாட்டிக்கொண்டு பேரிழப்பைச் சந்தித்தது. வலப்பக்கம் காஷ்மீர் படையும் கூர்க்காக்களும் பிரிட்டிஷ் பட்டாலியனான லங்காஷயர்காரர்களும் ஊருக்குள்ளேயே புகுந்து, சுங்கச்சாவடியைக்கூடப் பிடித்தார்கள், நிலைக்க முடியவில்லை. மரப்பொந்துகளில் இருந்த தேன்கூடுகள் குண்டுபட்டுக் கலைய, தேனீக்கள் இருதரப்பையும் கொட்டின. ஜெர்மானியர் வைத்த பொறி என்று பிரிட்டிஷ் தரப்பில் கதை கட்டினார்கள்.

நவம்பர் 5

மறுநாள் எல்லோரும் கப்பலேறினார்கள். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர் 360, காயம்பட்டவர் 487. தோல்விச் செய்தியை லண்டன் பல மாதம் அமுக்கி வைத்தது.

பழி விழுந்தது மதராஸ் சிப்பாய் மேல். 1880களிலேயே மதராஸ் ராணுவத்தின் தளபதி ராபர்ட்ஸ், தென்னாட்டவர் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று முடிவு கட்டி, வடக்கத்தியரைத்தான் விரும்பினார். பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்த படையை, ஒருவரோடொருவர் சேர்ந்து பழகாத பட்டாலியன்களோடு கலந்து, கடல் மயக்கம் தெளியுமுன் இறக்கிவிட்டு ஓடினான் என்பது நியாயமா? ஓடவைத்தது திட்டம் போட்டவர்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நவம்பர் 8

ஐட்கென் பதவி இறங்கி அரைச் சம்பளத்தில் வீட்டுக்குப் போனார். கரையில் விட்டுவந்த துப்பாக்கிகளும் ஆறு லட்சம் தோட்டாக்களும் எதிரி கையில் சேர்ந்தன. லெட்டோ-ஃபோர்பெக்கின் அஸ்காரிகளில் பலர் அதுவரை கரும்புகை கக்கும் 1871ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி வைத்திருந்தவர்கள். புது ஆயுதம் கிடைத்த அந்தப் படை நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, ஐரோப்பாவில் போர் நின்று இரண்டு வாரம் கழித்து, 1918 நவம்பர் 25 அன்றுதான் சரணடைந்தது.