சிதம்பரத்துப் பிள்ளைகளோடு வாவிக்கரையில் மூன்று நாட்கள்

சிதம்பரம் பக்கத்துக் கல்லூரி மாணவர் 11 பேரும் எங்களூர் இளைஞர் 9 பேருமாகக் கடந்த ஆவணியில் மட்டக்களப்பு வாவியைச் சுற்றித் திரிந்தோம். பயண முகவர் ஒருவர் முதலில் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் பாசிக்குடா, ஒல்லாந்தர் கோட்டை, கொக்கட்டிச்சோலை, அறுகம்பை என்று எல்லாமே இருந்தன. எங்கள் பிள்ளைகள்தாம் இல்லை. அதை ஒதுக்கிவிட்டு, வாவி ஒன்றே போதும் என்று முடிவுசெய்தோம்.

முதல் நாள் காலை கல்லடியில் சுவாமி விபுலாநந்தரின் சமாதிக்குப் போனோம். அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் 1892 இல் பிறந்த அவர், 1931 இல் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் என்று சொன்னதும், தங்கள் ஊர்க்காரர் ஒருவரை அயலூரில் கண்டவர்களைப் போல அந்தப் பிள்ளைகள் நெருங்கி வந்து நின்றார்கள். கடல் கடந்து கற்பிக்கப் போவது நமக்குப் புதிதன்று.

பாலமீன்மடுவில் தோணிக்காரர் ஒருவர் இரண்டு நாட்கள் எங்களுக்கு ஆசிரியரானார். மழைக்காலத்தில் வாவி நிரம்பி வயல்கள் மூழ்கத் தொடங்கினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவார்கள் என்றும், எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரரும் மீன்பிடிப்பவரும் எளிதில் ஒத்துப்போவதில்லை என்றும் அவர் விளக்கினார். கரையோர மரங்களைக் காட்டி நாங்கள் ‘கண்டல்’ என்றோம். சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்து அலையாத்திக் காட்டை அறிந்த பிள்ளைகள் ‘சுரபுன்னை’ என்றார்கள். அந்த வேர்களுக்கிடையேதான் இறால் குஞ்சுகள் ஒதுங்கி வளர்கின்றன என்பதில் இரு கரையாருக்கும் பேதமில்லை. 2004 டிசம்பர் 26 பற்றிய பேச்சு வந்தபோது இரு பக்கமும் சற்று நேரம் அமைதியாயிற்று. அந்த அலை கடலூரையும் கல்லடியையும் ஒரே நாளில் அடித்தது.

இரவில் கல்லடிப் பாலத்தருகே, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து, இந்த வாவியில் கேட்பதாகச் சொல்லப்படும் ‘பாடும் மீன்’ ஒலிக்காகக் காத்திருந்தோம். “இரு மனே, வாகனமெல்லாம் போகட்டும்” என்றார் தோணிக்காரர். 2013 இல் திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் ஓய்வதாயில்லை. மூவர் கேட்டதாகச் சத்தியம் செய்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அன்று ஒன்றும் கேட்கவில்லை.

சாப்பாடு வாவிக்கரை வீடுகளில் சமைத்ததுதான். தோணிக் கூலியை இடைத்தரகர் இல்லாமல் நேரே கொடுத்தோம். ஆனால் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு கொப்பி. இதற்கு முன் வந்த ஆய்வுக் குழுக்கள் கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டு போனார்களே தவிர, கண்டது என்ன என்று திரும்பி வந்து சொல்லவில்லை என்ற மனக்குறை கரையோரத்தில் உண்டு. ஆகவே இரு ஊர்ப் பிள்ளைகளும் சோடி சோடியாக நீரின் உப்புத்தன்மையை அளந்து எழுதிய கொப்பியை இங்கேயே வைத்துக்கொண்டோம். அவர்கள் படியெடுத்துப் போனார்கள். எங்கள் பிள்ளைகள் மாதந்தோறும் அளவைத் தொடர்கிறார்கள்.

அடுத்த முறை நாங்கள் பிச்சாவரம் போகவேண்டும். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 இல் கப்பல் சேவை தொடங்கியது நல்ல செய்திதான்; என்றாலும் எங்கள் ஒன்பது பேரில் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இருவரே. மற்றவர்களின் செலவுக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொன்னபோது தோணிக்காரர் வலையிலிருந்து தலையெடுக்காமலே கேட்டார்: “அங்கயும் முகத்துவாரம் மூடுமா எண்டு பாத்துக்கிட்டு வா மனே. மூடினா ஆரு வெட்டுற எண்டும் கேளு.”