பீட் கிரே: ஒற்றைக் கை ஆட்டக்காரர் எங்கே தோற்றார்?

1945 சீசனில், அமெரிக்க பேஸ்பாலில், செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக 77 ஆட்டங்கள். 234 அட்-பேட் (பேட் பிடித்த முறைகள்), 51 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை, அதாவது ஓடிச் சேரவேண்டிய மூலையை, எட்டியவை), சராசரி .218 (ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தது). ஹோம் ரன் (ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றிவருவது) ஒன்றுகூட இல்லை, ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்குக் கிடைத்த ரன்) 13. மேஜர் லீகில், அதாவது அந்நாட்டு பேஸ்பாலின் உச்ச நிலையில், பீட் கிரேயின் மொத்தக் கணக்கே இவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆள் பஞ்சம், கூட்டம் சேர்க்க ஒற்றைக் கை ஆட்டக்காரர் ஒருவரைப் பிடித்துப் போட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் பஞ்சம் இருந்தது உண்மை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மேஜர் லீக் வீரர்கள் ராணுவ சேவைக்குப் போயிருந்தார்கள். ஆனால் பிரவுன்ஸ் ஒன்றும் உதவாக்கரை அணி இல்லை. 1944-இல், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்ற அணி. அங்கே இடம் கிடைப்பதற்கு முந்தைய வருடம் கிரே என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சதர்ன் அசோசியேஷன் என்ற மைனர் (கீழ்நிலை) லீகில் மெம்ஃபிஸ் சிக்கஸாஸ் அணிக்கு .333 அடித்தார், அறுபதுக்கும் மேற்பட்ட பேஸ்களைத் திருடினார் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), அந்த லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். பிரவுன்ஸ் அவருக்காக மெம்ஃபிஸுக்குக் கொடுத்த விலை 20,000 டாலர். வேடிக்கை காட்டுவதற்கு மட்டும் யாரும் அந்தக் காலத்தில் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள்.

பிறந்தது 1915-இல், பென்சில்வேனியாவின் நான்டிகோக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய குடும்பம். இயற்பெயர் பீட்டர் விஷ்னர். ஆறு வயதில் ஒரு வண்டியிலிருந்து விழுந்து, வலது கை சக்கரத்தின் ஆரங்களுக்குள் மாட்டியது. முழங்கைக்கு மேலேயே எடுக்கவேண்டியதாயிற்று. அதுவரை வலது கைப் பழக்கம் உள்ள பையன். அதன் பிறகு எல்லாவற்றையும் இடது கையால் முதலிலிருந்து கற்றான். கல்லைத் தூக்கிப் போட்டு, அது கீழே வருவதற்குள் குச்சியால் அடிப்பதுதான் பயிற்சி.

அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில், ஒற்றைக் கைக்காரர் எப்படிப் பந்தைப் பிடித்து எறிவார்? பேஸ்பாலில் பிடிக்கும் கைக்கு கிளவுஸ், எறிவதற்கு மறு கை. கிரேக்கு இரண்டுக்கும் இடது கைதான். அதனால் உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்ட மெல்லிய கிளவுஸை, சட்டென்று கழற்ற வசதியாகத் தளர்வாக மாட்டிக்கொள்வார். உயரமாக வரும் பந்தைத் தனக்கு நேர் முன்னால் பிடிப்பார். பிடித்த வேகத்திலேயே கிளவுஸை வலது பக்கம் கொண்டுபோய், மிச்சமிருக்கும் கைத்துண்டின் அடியில் அக்குளில் இடுக்குவார். இடது கை கிளவுஸிலிருந்து வெளியே வரும்போதே பந்து மார்பின் குறுக்கே உருண்டு அந்தக் கைக்கு வந்துவிடும். அடுத்த நொடி எறிந்திருப்பார். படிக்க நாலு காரியமாகத் தெரியும். அவர் செய்யும்போது ஒரே அசைவு.

தரையில் வரும் பந்துக்கு இந்த வித்தை சரிப்படாது, நேரம் பிடிக்கும். அதற்கு வேறு வழி வைத்திருந்தார். பந்தைக் கிளவுஸில் பிடிக்கவே மாட்டார். கிளவுஸில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பவிடுவார். அது காற்றில் இருக்கும்போதே கிளவுஸை உதறிவிட்டு, வெறும் கையால் பந்தை அள்ளுவார். பந்து சற்றுத் தள்ளித் தெறித்தால் எல்லாம் கெட்டுப்போகும். அதனால் கிளவுஸை வைக்கும் கோணம்தான் முக்கியம்.

இவ்வளவு செய்தும் ஒரு சிறு தாமதம் மிஞ்சியது. மேஜர் லீக் ஓட்டக்காரர்களுக்கு அது போதும். தைரியமாக இன்னொரு பேஸுக்கு ஓடினார்கள். அணிக்குள்ளேயே சிலர் இதைப் பற்றிக் கசந்து பேசினார்கள். அதில் நியாயம் கொஞ்சம் உண்டு. ஆனாலும் ஃபீல்டிங்கில் அவர் பெரும்பகுதி சிக்கலைத் தீர்த்துவிட்டார் என்றே சொல்வேன்.

தீராதது பேட்டிங்.

கிரே இடது கை பேட்டர். அந்த நிலையில் வலது தோள் பந்து வீசும் பிட்ச்சரைப் பார்த்திருக்கும்; இடது கை பின்னால் இருக்கும். மற்றவர்களுக்கு முன் கை பேட்டின் அடிப்பிடியை இழுக்கும், பின் கை பேட்டைத் தள்ளும், தேவைப்பட்டால் தடுத்து நிறுத்தும். கிரேயிடம் பின் கை மட்டும். சுமார் ஒரு கிலோ எடையுள்ள 35 அவுன்ஸ் பேட், ஒரே மணிக்கட்டில். வேகப்பந்து கையை விட்டுப் புறப்பட்டு, பேட்டர் நிற்கும் பிளேட்டை அடைய அரை நொடிகூட ஆகாது. ஒரு கையால் அந்த எடையைச் சுற்றிக் கொண்டுவர வேண்டுமானால் சீக்கிரமாகவே தொடங்க வேண்டும். தொடங்கியபின் நிறுத்த இன்னொரு கை இல்லை.

ஆகவே பிட்ச்சர்கள் கண்டுபிடித்தது இதைத்தான்: மெதுவான வளைபந்து. பேட் போய்ச் சேர்ந்த பிறகு பந்து வரும். மே 20-ஆம் தேதி நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான இரட்டை ஆட்டத்தில் (ஒரே நாளில் இரண்டு ஆட்டம்) ஐந்து ஹிட் அடித்து அசத்தியவரை அதற்குப் பிறகு வேகப்பந்து தேடி வருவது குறைந்துபோனது. அப்போது லீகில் மொத்தம் எட்டு அணிகள்தான். ஒவ்வொரு எதிரணியோடும் சீசனுக்கு 22 ஆட்டம். ஒரு பலவீனம் வெளியே தெரிந்துவிட்டால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இங்கே கவனிக்கவேண்டிய எண் ஒன்று உண்டு. 234 அட்-பேட்டில் அவருடைய ஸ்ட்ரைக்அவுட் (பந்தைத் தவறவிட்டோ அடிக்காமல் விட்டோ மூன்று வாய்ப்பும் தீர்ந்து ஆட்டமிழப்பது) வெறும் 11. அதாவது பந்தைத் தவறவிட்டு அவர் தோற்கவில்லை. கண் துல்லியம், கை துல்லியம், பேட் பெரும்பாலும் பந்தைத் தொட்டது. தவறான நேரத்தில் தொட்டது, அவ்வளவுதான். 51 ஹிட்டில் 43 சிங்கிள் (ஒரு பேஸ்), 6 டபுள் (இரண்டு பேஸ்), 2 டிரிபிள் (மூன்று பேஸ்) என்பதும் அதையே காட்டுகிறது. பந்து பட்டது, ஆனால் தூரம் போகவில்லை.

இதற்கு அவர் கையில் இருந்த மாற்று, பன்ட்: பேட்டை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது. பேட்டின் அடிக்குமிழை விலாவில் முட்டுக்கொடுத்து, கையை மூன்றில் ஒரு பங்கு தூரம் மேலே நகர்த்திப் பிடிப்பார். விலாதான் அவருக்கு இரண்டாவது கை. பேட் ஆடாமல் நிற்கும், பந்து மெல்ல உருளும், அதற்குள் முதல் பேஸை நோக்கி ஓட்டம். அவருடைய வேகத்துக்கு இது நல்ல ஆயுதம். ஆனால் எதிர்பார்த்து உள்ளே நெருங்கி நிற்கும் இன்ஃபீல்டர்களிடம் அடிக்கடி செல்லாது.

அந்த வருடம் பிரவுன்ஸ் மூன்றாம் இடத்தில் முடித்தது. போர் முடிந்து பழைய வீரர்கள் திரும்பியதும் கிரேயை மைனர் லீகுக்கு அனுப்பினார்கள். இடையில் கையோ காலோ இழந்த ராணுவத்தினரைப் பார்க்க மருத்துவமனைகளுக்கும் போய்வந்தார். அதே 1945-இல், போரில் காலை இழந்த பெர்ட் ஷெப்பர்ட் வாஷிங்டன் அணிக்காக ஒரே ஒரு ஆட்டத்தில் பந்து வீசினார்; அவரையும் தேடிப் படியுங்கள்.

1946-இல் மைனர் லீக் அணியான டொலீடோவில் ஆடினார். 1948-இல் எல்மைராவுக்குப் போய், 33 வயதில், .290 அடித்தார். வளைபந்து வீசுகிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் மேஜர் லீக் அளவுக்கு அதைக் கட்டுப்படுத்தி, கேட்ட இடத்தில் போடுகிறவர்கள் குறைவு. அடுத்த வருடம் டல்லஸ் அணியோடு அவருடைய லீக் ஆட்டம் நின்றது. பிறகு நான்டிகோக்குக்கே திரும்பி, 2002 ஜூன் 30 அன்று 87 வயதில் அங்கேயே காலமானார்.